கணுக்கால் சுளுக்கு: கால் மடங்கிய நிமிடத்திலிருந்து மறுபடி ஓடும் நாள் வரை

நான் பிசியோதெரபிஸ்ட். கணுக்கால் சுளுக்கு என்று என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேருக்கு அது முதல் சுளுக்கு இல்லை. "போன வருஷமும் இதே கால்தான்" என்பார்கள். போன தடவை பயிற்சியை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டால், "வலி போனதும் விட்டுட்டேன்" என்ற பதில்தான் வரும். வலி போனபோது அவர்கள் பாதி வழிதான் வந்திருந்தார்கள். மீதிப் பாதியை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இதை வரிசைப்படி படியுங்கள், வரிசைப்படியே செய்யுங்கள். எலும்பு முறியவில்லை என்று தெரியும் முன் நடந்து பழகுவது, அசைவு திரும்பும் முன் ஓடுவது, நிதானம் (தடுமாறாமல் நிற்கும் திறன்) வரும் முன் விளையாடப் போவது, இந்த மூன்றும்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்.

முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

10 செ.மீ. அகலமுள்ள கிரேப் பேண்டேஜ் ஒன்று (பாதம் சிறியதாக இருந்தால் 8 செ.மீ.), ஐஸ், மெல்லிய துணி, இரண்டு தலையணை, பாராசிட்டமால் மாத்திரை. இரண்டாவது வாரத்துக்கு ஒரு ரப்பர் பட்டையும் அளவுகோலும் வேண்டும். இவ்வளவுதான்.

கால் உள்பக்கமாக மடங்கும்போது வெளிப்பக்கத்தில் இருக்கும் லிகமென்ட் இழுபடுகிறது. எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும் நார்ப்பட்டைதான் லிகமென்ட். வெளிப்பக்கத்தில் அப்படி மூன்று உண்டு. பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது முன்னால் இருப்பது. இழுபட்டிருந்தால் முதல் நிலை, பாதி கிழிந்திருந்தால் இரண்டாம் நிலை, முழுக்க அறுந்திருந்தால் மூன்றாம் நிலை என்பார்கள். மூன்றுக்கும் கீழே உள்ள வரிசை ஒன்றுதான், எடுக்கும் நாட்கள்தான் வேறு.

1. முதல் பத்து நிமிடம்: உட்காருங்கள், பாருங்கள்

எழுந்து இரண்டடி நடந்து பார்க்கலாம் என்று உடனே தோன்றும். வேண்டாம். உட்கார்ந்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றுங்கள். காலிலோ விரலிலோ ஏதாவது அணிந்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். வீக்கம் ஏறிய பிறகு இவற்றைக் கழற்றுவது பெரும்பாடு.

இப்போது இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதம் கோணலாகத் திரும்பியிருந்தால், தோல் கிழிந்து உள்ளே எலும்பு தெரிந்தால், பாதம் வெளுத்தோ சில்லிட்டோ மரத்தோ போயிருந்தால், இந்த வழிகாட்டியை மூடிவிட்டு நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள். இழுத்து நேராக்க முயலக் கூடாது. யாரையும் முயல விடவும் கூடாது. ரத்தக் குழாயோ நரம்போ எலும்புகளுக்கு நடுவே நசுங்கியிருந்தால், இழுப்பதால் சேதம் கூடும்.

2. எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்யுங்கள்

எல்லாச் சுளுக்குக்கும் எக்ஸ்ரே வேண்டியதில்லை. யாருக்கு வேண்டும் என்று பார்க்க ஒட்டாவா கணுக்கால் விதிகள் இருக்கின்றன. கனடாவின் ஒட்டாவாவில் உருவாகி 1992-ல் வெளிவந்தவை. உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றும் இவற்றைத்தான் பார்க்கிறார்கள்.

கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்து நிற்கும் எலும்பைக் கண்டுபிடியுங்கள். வெளிப்பக்க எலும்பின் பின் ஓரத்தில், நுனிக்கு 6 செ.மீ. மேலே விரலை வைத்து, அங்கிருந்து நுனிவரை சிறிது சிறிதாக அழுத்திக்கொண்டே வாருங்கள். உள்பக்க எலும்பிலும் அப்படியே. அப்புறம் பாதத்தின் வெளி ஓரம். சுண்டுவிரலிலிருந்து குதிகாலை நோக்கித் தடவிக்கொண்டே போனால் பாதி வழியில் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். அதை அழுத்துங்கள். கடைசியாக, உள்பக்கம் பாத வளைவுக்கு மேலே, கணுக்காலுக்குச் சற்று முன்னால் துருத்தும் எலும்பு.

இந்த நான்கு இடங்களில் எங்காவது எலும்பின் மேலேயே சுரீரென்று வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அடிபட்ட உடனேயும் சரி, இப்போதும் சரி, நொண்டியாவது நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலும் எடுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பெரிய முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இங்கே பலர் தடுக்கி விழுவது, அழுத்தும் இடத்தில். சுளுக்கில் வீங்கி வலிப்பது எலும்பு நுனிக்கு முன்னாலும் கீழேயும் உள்ள மெத்தென்ற இடம். அங்கே வலிக்கத்தான் செய்யும். அதை எலும்பு வலி என்று எண்ணிப் பயப்படுகிறார்கள். அதற்காகத்தான் பின் ஓரத்தை அழுத்தச் சொல்கிறது விதி.

"விரலை அசைக்க முடிகிறது, அதனால் எலும்பு முறியவில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விரலை அசைக்கும் பெரிய தசைகள் முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்காலில் இருக்கின்றன. கணுக்கால் எலும்பு முறிந்திருந்தாலும் விரல்கள் ஆடும்.

நீரிழிவால் பாதம் மரத்திருப்பவர்கள், குடித்திருப்பவர்கள், உடம்பில் வேறெங்கோ பெரிய அடி பட்டவர்கள், சிறு குழந்தைகள் ஆகியோருக்கு இந்தச் சோதனையை வீட்டில் நம்ப வேண்டாம், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். முதல் இருவகையினருக்கு வலி சரியாகத் தெரியாது, மூன்றாமவருக்கு ஒரு வலி இன்னொன்றை மறைக்கும், குழந்தை எங்கே வலிக்கிறது என்று தெளிவாகச் சொல்லாது. வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எலும்பு நுனியில், எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு லிகமென்ட்டைவிடப் பலம் குறைந்தது. அதனால் பெரியவருக்குச் சுளுக்காகப் போகும் அடி, பிள்ளைக்கு முறிவாகப் போகலாம்.

இந்த விதியில் பிடிபடாத மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஒன்று, குதிகாலுக்கு மேலே இருக்கும் பெரிய தசைநாண். குப்புறப் படுத்து, பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கெண்டைக்கால் சதையை இன்னொருவர் பிடித்து அமுக்கட்டும். நுனிக்காலில் நிற்கும்போது நீளுவது போலப் பாதம் தானாக அசைய வேண்டும். அசையவில்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கக்கூடும். இரண்டு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கத்து எலும்பில் வலி. மூன்று, கணுக்காலுக்கு மேலே, இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் வலி. மூன்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

3. முதல் மூன்று நாள்: காப்பாற்றுங்கள், கெடுக்காதீர்கள்

ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கு வார்த்தைகளை 1978-ல் பிரபலமாக்கியவர் கேப் மெர்கின் என்ற மருத்துவர். முழு ஓய்வும் தொடர்ந்த ஐஸும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று அவரே பிற்காலத்தில் மாற்றிச் சொன்னார். அதனால் ஐஸை வலி மரக்க ஒரு வழியாக மட்டும் பயன்படுத்துங்கள்.

ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம், கூடினால் 20 நிமிடம். அடுத்தது இரண்டு மூன்று மணி நேரம் கழித்து. நேராகத் தோலில் வைத்தால் பனிக்காயம் வரும். அதன்மேலேயே தூங்கிவிடாதீர்கள்.

கட்டுதான் இங்கே முக்கியம், தப்பாகப் போடப்படுவதும் அதுதான். கணுக்காலை மட்டும் வளையம் போலச் சுற்றி இறுக்கிவிடுகிறார்கள். வீக்கம் வழியின்றிப் பாதத்தில் இறங்கி, மறுநாள் விரல்கள் உப்பிப்போய் நிற்கும். சரியான முறை இது. பாதத்தைத் தொங்கவிடாமல் காலுக்குச் செங்குத்தாக வைத்துக்கொள்ளுங்கள். விரல்கள் முளைக்கும் இடத்தில் தொடங்கி இரண்டு சுற்று. பிறகு பாதத்தின் மேல் குறுக்கே ஏறி, கணுக்காலுக்குப் பின்னால் சுற்றி, மறுபடி குறுக்கே இறங்கி, பாதத்துக்கு அடியில். எட்டு என்ற எண்ணைப் போல வரும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பாதி மூட வேண்டும். குதிகாலிலும் இடைவெளி விடாதீர்கள், வீக்கம் அந்த இடைவெளி வழியே பிதுங்கும். கணுக்காலுக்கு மேலே ஒரு கையகலம் போய் முடியுங்கள். பட்டையை முழுக்க இழுக்காமல் பாதி இழுவையில் சுற்றினால் போதும்.

முடித்ததும் கால் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்கத் தாமதமானால், விரல் மரத்தால், நீலம் பாரித்தால், அவிழ்த்து மறுபடி தளர்வாகச் சுற்றுங்கள். தூங்கப் போகும்போது அவிழ்த்துவிடுங்கள்.

உயர்த்தி வைப்பது என்றால் நெஞ்சுக்கு மேலே. நாற்காலியில் உட்கார்ந்து எதிரே ஸ்டூலில் கால் நீட்டினால் அது உயர்த்தியதாகாது. படுத்து, காலுக்குக் கீழே இரண்டு தலையணை வையுங்கள். தேங்கிய நீர் கீழ்நோக்கி வடியத்தான் இந்தப் பாடு.

இந்த நாட்களில் சூட்டு ஒத்தடம், மது, ஓட்டம் மூன்றும் கூடாது. அழுத்தித் தேய்ப்பதும் உருவுவதும் கூடவே கூடாது. உள்ளே கிழிந்த சிறு ரத்தக் குழாய்கள் இப்போதுதான் அடைபட்டுக்கொண்டிருக்கின்றன. உருவினால் அவை மறுபடி திறக்கும், ரத்தக்கட்டு பெரிதாகும். உருவிவிட்டு வந்த கால்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாகிவிடும். ஒரு வாரத்தில் இறங்கியிருக்க வேண்டிய வீக்கம் அது.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் கூடாது. இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் இருக்கட்டும். கல்லீரல் பிரச்சினை இருந்தாலோ உடல் எடை குறைவாக இருந்தாலோ அளவை மருத்துவரிடம் கேளுங்கள். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அட்டையைப் படித்துக் கணக்கில் சேருங்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

4. நடக்கத் தொடங்குங்கள், ஆனால் துணையோடு

மூன்றாம் நாளுக்குள் கொஞ்சம் எடையை ஊன்ற வேண்டும். ஒரேயடியாகப் படுத்திருந்தால் தசை மெலியும், மூட்டு இறுகும். லிகமென்ட் ஆறும்போது புதிதாக உருவாகும் நார்கள், எந்தப் பக்கம் இழுவை வருகிறதோ அந்தப் பக்கம் அடுக்கிக்கொள்கின்றன. இழுவையே இல்லையென்றால் தாறுமாறாகக் கிடக்கும்.

நொண்டாமல் நடக்க முடியவில்லை என்றால் அக்குள் கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்முனைக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி, கைப்பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில். எடை உள்ளங்கையில் விழ வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு அழுந்திக் கை மரக்கும்.

ஒற்றைக் கைத்தடி என்றால் அடிபடாத பக்கத்துக் கையில். இதைச் சொன்னால் நிறையப் பேர் நம்புவதில்லை. நடக்கும்போது வலது காலோடு இடது கை முன்னே போவது இயல்பு. தடியும் அப்படிப் போனால்தான் அடிபட்ட காலின் சுமையைப் பங்கு போடும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

அடி சிறியதாக இருக்கட்டும், ஆனால் குதிகால் முதலில் பட்டு விரலில் எழும்பும் முழு அடியாக இருக்கட்டும். பாதத்தை வெளியே திருப்பிக்கொண்டு இழுத்து இழுத்து நடக்கும் பழக்கம் ஒரு வாரம் ஒட்டிக்கொண்டால், அதை விடுவிக்க ஒரு மாதம் ஆகிறது.

5. அசைவைத் திரும்பப் பெறுங்கள்

இரண்டாம், மூன்றாம் நாளிலேயே உட்கார்ந்தபடி பாதத்தை மேலும் கீழும் அசைக்கலாம். மணிக்கு ஒரு தடவை, 20 முறை. பக்கவாட்டில் இன்னும் வேண்டாம், கிழிந்த லிகமென்ட்டை இழுப்பது அந்த அசைவுதான்.

நான்கைந்து நாளில் வீக்கம் இறங்கியதும் கட்டைவிரலால் காற்றில் எழுதுங்கள். அ, ஆ, இ, ஈ என்று வரிசையாக. 'இ' ஒன்றே எல்லாத் திசையிலும் சுழற்றிவிடும். முழங்காலை ஆட்டாமல் பாதத்தால் மட்டும் எழுத வேண்டும். முழங்கால் ஆடினால் கணுக்கால் சும்மா இருக்கிறது என்று அர்த்தம்.

எவ்வளவு வலிக்கலாம்? பத்துக்கு மூன்று வரை பரவாயில்லை. ஆனால் மறுநாள் காலைதான் நீதிபதி. எழுந்ததும் வீக்கமோ வலியோ நேற்றைவிடக் கூடியிருந்தால் நேற்றுச் செய்ததில் பாதி செய்யுங்கள்.

இரண்டாம் வாரம் சுவரில் அளந்து பாருங்கள். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலைச் சுவரில் தொடுங்கள். தொட முடிகிறவரை பாதத்தைப் பின்னுக்கு நகர்த்தி, கட்டைவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து எழுதி வையுங்கள். நல்ல காலையும் அளங்கள். வித்தியாசம் ஒரு செ.மீ. அளவுக்குக் குறையும்வரை இந்த அசைவையே தினமும் பயிற்சியாகச் செய்யுங்கள். இந்த மடக்கம் திரும்பாத கால் படி இறங்கும்போது தடுமாறும்.

6. பலம் ஏற்றுங்கள்

நொண்டாமல் நடக்க முடிந்த நாளில் தொடங்குங்கள். சுவரைப் பிடித்து இரண்டு காலாலும் குதிகாலை உயர்த்தி, மூன்று விநாடி எடுத்து மெதுவாக இறக்குங்கள். 15 முறை, மூன்று தடவை. இது எளிதானதும் இரண்டு காலால் ஏறி ஒற்றைக் காலால் இறங்குங்கள், அப்புறம் முழுக்க ஒற்றைக் காலில்.

ரப்பர் பட்டை வெளிப்பக்கத் தசைக்கு. பட்டையை மேசைக் காலில் கட்டி, மறுமுனையைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, பாதத்தை வெளியே தள்ளுங்கள். கால் உள்ளே மடங்கும்போது அதைப் பிடித்து வெளியே இழுப்பது இந்தத் தசைதான்.

7. நிதானப் பயிற்சி: எல்லாரும் தாண்டிப் போகும் படி

லிகமென்ட்டுக்குள் இருக்கும் நுண்ணிய நரம்பு முனைகள், பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. லிகமென்ட் கிழியும்போது அந்தச் செய்தியும் மங்குகிறது. வலி போனாலும் அது தானாகத் தெளிவதில்லை, பழக்கித்தான் தெளிய வைக்க வேண்டும்.

மூன்றாவது முறை சுளுக்கிக்கொண்டு வந்த ஒரு வாலிபால் வீரரை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். வலி துளியும் இல்லை, நடை கச்சிதம். நல்ல காலில் அரை நிமிடம் அசையாமல் நின்றார். மற்றக் காலில் ஐந்து விரலும் தரையைக் கவ்விக்கொண்டன, கணுக்கால் இங்கும் அங்கும் வெடவெடத்தது, ஆறாவது விநாடியில் அடுத்த கால் கீழே வந்துவிட்டது. அவர் முகத்தில் அவ்வளவு ஆச்சரியம். இந்தக் காலோடுதான் அவர் வலைக்கு எதிரே குதித்து இறங்கிக்கொண்டிருந்தார்.

செய்ய வேண்டியது எளிது. வெறுங்காலில், சுவருக்கு எட்டும் தூரத்தில், ஒற்றைக் காலில் 30 விநாடி. முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும், விரல்கள் தளர்வாக இருக்கட்டும். விரலால் கவ்வினால் கணுக்கால் பழகாது. இது மூன்று நாள் தொடர்ந்து நன்றாக வந்தால் கண்ணை மூடிக்கொண்டு. அதுவும் வந்தால் தலையணையின் மேல், கண் திறந்து. கடைசியாக, நின்றபடியே பந்தை எறிந்து பிடிப்பது. மனம் பந்தில் இருக்கும்போதும் கால் தன் வேலையைப் பார்க்க வேண்டும், அதற்குத்தான்.

நெதர்லாந்தில் 522 விளையாட்டு வீரர்களை வைத்துச் செய்து 2009-ல் வெளியான ஆய்வில், எட்டு வாரம் வீட்டிலேயே இந்த மாதிரிப் பயிற்சி செய்தவர்களில் 22 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி சுளுக்கியது. செய்யாதவர்களில் 33 சதவீதம். நானும் எட்டு வாரம்தான் சொல்கிறேன், வலி மூன்றாம் வாரத்திலேயே போயிருந்தாலும்.

8. ஓட்டத்துக்கும் விளையாட்டுக்கும் திரும்புதல்

நாள் கணக்கு பார்க்காதீர்கள், கால் என்ன செய்கிறது என்று பாருங்கள். அரை மணி நேரம் வேகமாக நடந்தும் மறுநாள் வீங்கக் கூடாது. ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்தும் எண்ணிக்கை இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒற்றைக் காலில் பத்து முறை குதித்துப் பயமில்லாமல் இறங்க முடிய வேண்டும். பயம் இருந்தால் இன்னும் ஒரு வாரம் ஏழாம் படியிலேயே இருங்கள்.

பிறகு சமதரையில் நேர் ஓட்டம், அடுத்து பெரிய வளைவு, அடுத்து சட்டென்று நின்று திரும்புவது, கடைசியில் எதிராளியோடு விளையாட்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நாள் கொடுங்கள். முதல் சில மாதங்கள் விளையாடும்போது கயிறு கட்டும் வகைக் கணுக்கால் பிரேஸ் (தாங்கு உறை) போடுங்கள். அதைப் போடுவதால் பயிற்சியை விட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

9. மருத்துவரிடம் மறுபடி போக வேண்டிய நேரம்

ஐந்தாறு நாள் ஆகியும் நான்கு அடி வைக்க முடியவில்லை என்றால், முதலில் எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் மறுபடி காட்டுங்கள். சில முறிவுகள் முதல் படத்தில் தெரியாது.

கெண்டைக்கால் வீங்கிச் சூடாகி வலித்தால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே போக வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். மூட்டு சிவந்து கொதித்துக் காய்ச்சலும் வந்தால் அது சுளுக்கில்லை, கிருமித் தொற்றாக இருக்கலாம். அதுவும் அவசரம்தான்.

ஆறு வாரம் கழித்தும் உள்ளே ஆழமாக வலித்தால், மூட்டு சிக்கிக்கொண்டால், சமதரையிலேயே கால் வழுக்குவது போல் விட்டுக்கொடுத்தால், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம். குருத்தெலும்பில் அடி இருக்கிறதா என்று அதில் தெரியும். லிகமென்ட் முழுதாக அறுந்தவர்களுக்கும் பெரும்பாலும் சில நாள் மாவுக்கட்டோ கணுக்காலை அசையாமல் பிடிக்கும் பூட்ஸோ, அப்புறம் இதே பயிற்சிகளும் போதும். மாதக்கணக்கில் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் கால் நிலைகொள்ளாதவர்களுக்குத்தான் அறுவை சிகிச்சைப் பேச்சு வரும்.

50 வயதைத் தாண்டியவர் நின்ற உயரத்திலிருந்து விழுந்தே எலும்பு முறிந்திருந்தால், முறிவுக்கு வைத்தியம் பார்த்ததோடு எழுந்து வந்துவிட வேண்டாம். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தேவையா என்று அந்தச் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். எலும்பு மெலிந்திருப்பது தெரிந்தால் அதற்கு மருந்து இருக்கிறது, அடுத்த முறிவு இடுப்பில் வருவதற்கு முன் தொடங்கிவிடலாம்.